புதிய ஆசிரியரின் முதல் ஆண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணியில் சேர்ந்து முதல் ஆண்டைக் கடக்கும் ஆசிரியர்களின் வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும், தம் வகுப்பு அனுபவத்தைப் பற்றி அவர்கள் எழுதும் குறிப்பேடுகளைப் படித்து அவர்களோடு பேசுவதும் நெடுநாளாக என் வேலைகளில் ஒன்று. பாடமும் வகுப்பும் மாறினாலும் அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றையும், நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பயிற்சிக் காலத்தில் நன்றாகவே கற்பித்தேன். சொந்த வகுப்பு கிடைத்ததும் எல்லாம் கலைந்துபோனது ஏன்?

பயிற்சிக்காக நீங்கள் நுழைந்த வகுப்பு ஏற்கெனவே வேறொருவரால் பழக்கப்படுத்தப்பட்ட வகுப்பு. எப்போது நோட்டை எடுக்க வேண்டும், யாரிடம் அனுமதி கேட்டு வெளியே போக வேண்டும், வேலையை முடித்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் நீங்கள் போவதற்கு முன்பே தீர்ந்திருந்தன. நீங்கள் பாடத்தை மட்டும் நடத்தினீர்கள். சொந்த வகுப்பில் அந்தப் பழக்கங்களை உண்டாக்குவதும் உங்கள் வேலையாகிவிடுகிறது. ஆனால் அது எந்தப் பாடக்குறிப்பிலும் எழுதப்படுவதில்லை.

இன்னொரு காரணம் எண்ணிக்கை. 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் முறை, சில மாணவர்கள், சில நிமிடங்கள், ஒரே ஒரு திறன் என்று வேலையைச் சிறிதாக்கிப் பழக்குவது. பழகுவதற்கு அது நல்ல வழிதான். ஆனால் தொடக்கப்பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்த ஃபிலிப் ஜாக்சன், ஓர் ஆசிரியர் ஒரே நாளில் ஆயிரம் வரையிலான பேச்சுப் பரிமாற்றங்களில் ஈடுபடக்கூடும் என்று 1968-இல் எழுதினார். அந்த ஆயிரத்தில் பெரும்பாலானவை அரை நொடியில் முடிவெடுக்க வேண்டியவை. நீங்கள் கற்ற திறன் எங்கும் போய்விடவில்லை. அதைப் பயன்படுத்த வேண்டிய நேரத்தில் வேறு பத்துப் பேர் உங்களை அழைக்கிறார்கள், அவ்வளவுதான்.

வகுப்பு முடிந்ததும் மாணவர்களைப் பற்றி அல்ல, என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது தன்னலமா?

இல்லை. குரல் நடுங்கியதா, அவர்கள் என்னை மதிக்கிறார்களா, தலைமையாசிரியர் வராந்தாவில் நின்று கேட்டாரா என்ற கவலைகள் எல்லாருக்கும் முதலில் வருபவை. ஆசிரியர்களின் கவலைகளை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் ஃபுல்லர் 1969-இல் காட்டியது இதைத்தான்: தொடக்கத்தில் கவலை தம்மைச் சுற்றியே இருக்கிறது, மாணவர் என்ன கற்கிறார் என்பது பின்னரே மையத்துக்கு வருகிறது. குறிப்பேடுகளைப் படிக்கும்போது எனக்கும் இது கண்கூடாகத் தெரிகிறது. முதல் வாரங்களில் ஏறத்தாழ எல்லா வாக்கியங்களும் ‘நான்’ என்று தொடங்குகின்றன. பிறகு ஏதோ ஒரு நாளில், ஒரு மாணவரின் பெயர் முதன்முறையாக ஒரு வாக்கியத்துக்கு எழுவாயாக வருகிறது. அந்த இடத்தில் நான் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டு வைப்பேன்.

இந்த மாற்றத்தை அதட்டி வரவழைக்க முடியாது, ஆனால் விரைவுபடுத்தலாம். வழக்கங்கள் சீரானால் தன்னைப் பற்றிய பயம் குறைகிறது, பயம் குறைந்தால் கண் தானாகவே மாணவரின் நோட்டுப் பக்கம் போகிறது. கீழே வரும் பல விடைகளுக்கும் இதுவே அடிப்படை.

எனக்குப் பிடிக்காத ஓர் ஆசிரியரைப் போலவே நான் பேசுவதை உணர்ந்து அதிர்ந்துபோனேன். எங்கிருந்து வந்தது அது?

பள்ளி முடிக்கும்போது ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரத்தை ஆசிரியர்களின் முன்னிலையில் கழித்திருப்பார் என்று சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் கணக்கிட்டார். வேறெந்தத் தொழிலுக்கும், சேருவதற்கு முன்பே இவ்வளவு நீண்ட பார்வைப் பயிற்சி கிடையாது. ஆனால் அந்தப் பார்வை மேசைக்கு மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தது. ஆசிரியர் கோபப்பட்டதைப் பார்த்தோம். அவர் அதற்கு முன் எதைத் தேர்ந்தெடுத்தார், எதை விட்டார், முந்தைய இரவு எதற்காக அந்த எடுத்துக்காட்டை மாற்றினார் என்பதைப் பார்க்கவில்லை. நெருக்கடியில் கைக்கு முதலில் அகப்படுவது பார்த்துப் பதிந்த அந்த வெளிப்புறம்தான். அதிர்ச்சி அடைந்தீர்கள் என்பதே நல்ல செய்தி. பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அதே சூழலில் அடுத்த முறை சொல்ல விரும்பும் வாக்கியத்தையும் அதன்கீழ் எழுதி வையுங்கள். மாற்றுச் சொல் தயாராக இல்லையென்றால் பழைய சொல்தான் வாயில் வரும்.

வகுப்பு என் கட்டுக்குள் இல்லை. முதல் சில மாதங்கள் சிரிக்கவே கூடாது என்கிறார்களே, அது சரியா?

இந்தக் கேள்விதான் எப்போதும் முதலிடம் பிடிக்கிறது. புதிய ஆசிரியர்களின் இடர்ப்பாடுகள் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த சைமன் வீன்மன், 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுப்பு ஒழுங்கையே முதலாவதாகக் குறிப்பிட்டார். ஆகவே நீங்கள் தனியாக இல்லை.

சிரிக்காமல் இருப்பது பற்றி: அந்த அறிவுரையைச் சொல்பவர்கள் தாங்கள் எதனால் வென்றோம் என்பதைத் தவறாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளரின் அனுபவம் இதற்குப் பொருத்தமானது. தம் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவரை அவர் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எப்படிக் கண்டித்தால் வகுப்பு ஒழுங்காகும் என்று ஆராய்ச்சியில் இறங்கிய அவர், பல வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த பின் 1970-இல் வெளியிட்ட முடிவு அவரே எதிர்பாராதது: ஒழுங்கான வகுப்பின் ஆசிரியரும் ஒழுங்கற்ற வகுப்பின் ஆசிரியரும் தவறு நடந்த பின் கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. தவறு நடப்பதற்கு முன் செய்ததில்தான் வேறுபட்டார்கள். ஒழுங்கான வகுப்பின் ஆசிரியர்கள், அறை முழுவதும் என்ன நடக்கிறது என்பதைத் தாம் அறிந்திருப்பதை மாணவர்களுக்கு உணர்த்தினார்கள். ஒருவருக்கு உதவும்போதே மற்றவர்கள் மீதும் கண் வைத்திருந்தார்கள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலின்றி நகர்ந்தார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் புதியவர்கள் மிகவும் தவறவிடும் இடம். நான் பின்வரிசையிலிருந்து பார்த்தவரை, பெரும்பாலான சலசலப்பு பாடத்தின் நடுவில் பிறப்பதில்லை. இரண்டு வேலைகளுக்கு இடையே உள்ள வெற்று நிமிடத்தில் பிறக்கிறது. தாள்களைக் கொடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விளக்கத் தொடங்கினால், தாள் கையில் இருப்பவர் விளக்கத்தைக் கேட்க மாட்டார். முதலில் விளக்கம், ஒருவரைத் திரும்பச் சொல்லச் செய்தல், பிறகு தாள் என்று வரிசையை மாற்றினாலே பாதிக் கூச்சல் அடங்கிவிடும். மாணவர்கள் உள்ளே நுழையும்போதே பலகையில் ஒரு சிறு வேலை எழுதப்பட்டிருந்தால், வருகைப்பதிவு எடுக்கும் நேரம் வெற்று நேரமாகாது. பதில் சொல்லும் மாணவரை நெருங்கிப் போவது இயல்பான உந்துதல்; ஆனால் சற்று விலகி நின்றால் அவர் குரல் உயர்கிறது, இடையில் இருப்பவர்களும் உரையாடலுக்குள் வந்துவிடுகிறார்கள். பெயர்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ‘ஏய், நீல நோட்டு!’ என்று அழைக்கப்பட்ட மாணவர் உங்களுக்குக் கட்டுப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

சிரிப்பு இதில் எதையும் கெடுப்பதில்லை. சொன்னதைச் செய்யாமல் விடுவதுதான் கெடுக்கும். நிறைவேற்ற முடியாத எச்சரிக்கையைச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல்.

கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. எப்போதும் அதே மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள். என்ன செய்வது?

நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று முதலில் அளந்து பாருங்கள். அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதாக 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடிக்கோ அதற்கு மேலோ நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாதிருத்தல் குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள், மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. பதில் வந்த பிறகும் உடனே ‘சரி’, ‘நல்லது’ என்று பாயாமல் அதே அளவு பொறுத்திருப்பது இன்னும் பயன் தருகிறது. ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் மாணவர் ‘ஏனென்றால்…’ என்று தொடர்கிறார்.

மூன்று நொடி என்பது படிக்கும்போது அற்பமாகத் தோன்றும். முப்பது முகங்களுக்கு முன் நிற்கும்போது அது ஒரு யுகம். மனத்துக்குள் எண்ணுங்கள், அல்லது கேள்வியைப் பலகையில் எழுதி, எழுதி முடித்து, திரும்பி நின்ற பிறகு ஒருவரை அழையுங்கள். எல்லாரும் முதலில் நோட்டில் ஒரு வரி எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும் என்று படிப்படியாக நகர்த்தினால் கை தூக்காதவரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். கேள்விக்கு முன்னால் பெயரைச் சொல்லாதீர்கள். பெயர் வந்ததும் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

‘புரிந்ததா?’ என்று கேட்கிறேன், ‘புரிந்தது’ என்கிறார்கள். தேர்வில் ஒன்றும் இல்லை.

‘புரிந்ததா?’ என்பது கேள்வியே அல்ல. அடுத்த பகுதிக்குப் போக நாம் கேட்கும் அனுமதி. மாணவர்கள் பெருந்தன்மையோடு அனுமதி தருகிறார்கள். அதற்குப் பதிலாக, புரிந்திருந்தால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு சிறு வேலையைக் கொடுங்கள்.

என் பாடத்தில் எனக்கு ஆழமான அறிவு இருக்கிறது. இருந்தும் விளங்க வைக்க முடியவில்லை. ஏன்?

ஒரு பாடத்தை அறிந்திருப்பது வேறு, அந்தப் பாடத்தில் கற்பவர் எங்கே சறுக்குவார் என்பதை அறிந்திருப்பது வேறு. 1986-இல் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் இந்த இரண்டாவது அறிவுக்குத் தனி இடம் கொடுத்து, அது பாட அறிவும் கற்பிக்கும் அறிவும் கலந்த ஒன்று என்று விளக்கினார். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு மாணவர் 35 என்று எழுதுகிறார். கணிதம் தெரிந்தவர் ‘தவறு, விடை 25’ என்பார். கணிதம் கற்பிக்கத் தெரிந்தவர் அந்த 35-ஐ உற்றுப் பார்ப்பார்: ஒன்றின் இடத்தில் 7-இலிருந்து 2, பத்தின் இடத்தில் 5-இலிருந்து 2 என, மாணவர் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். இது கவனக்குறைவு அல்ல, ஒரு விதி. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகளில் அந்த விதி எப்போதும் சரியான விடையைத் தந்ததால்தான் அவர் அதை நம்புகிறார். அவரிடம் இன்னும் பத்துக் கணக்குகளைக் கொடுத்தால் அந்தத் தவறான விதி இன்னும் பத்து முறை பயிற்சி பெறும்.

0.35 என்பது 0.7-ஐ விடப் பெரியது, ஏனெனில் 35 ஏழைவிடப் பெரியது. நான்கில் ஒரு பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது, ஏனெனில் 4 மூன்றைவிடப் பெரியது. எல்லாப் பாடங்களிலும் இப்படிப்பட்ட, தமக்கெனத் தருக்கம் உடைய தவறுகள் உண்டு. அவற்றைச் சேகரிப்பதுதான் முதல் ஆண்டின் பெரிய சொத்து. விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்து, ஒன்றுக்கு மேற்பட்டவர் செய்த தவறுகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நன்னூலின் பாயிரம் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில் ‘விரையான் வெகுளான்’ என்றும், ‘கொள்வோன் கொள்வகை அறிந்து’ என்றும் சொல்கிறது. முதலாவதை எல்லாரும் நல்லொழுக்கமாகப் படித்துவிட்டுப் போகிறோம். இரண்டாவதோடு சேர்த்துப் படித்தால் அது ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. விரைபவருக்கும் வெகுள்பவருக்கும் அந்த 35-இன் பின்னால் உள்ள விதி கண்ணில் படாது.

மாணவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை என்றால்?

தெரியாது என்று சொல்லுங்கள், கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதுங்கள், அடுத்த வகுப்பில் மறக்காமல் விடையோடு வாருங்கள். மூன்றாவதைச் செய்யாவிட்டால் முதல் இரண்டுக்கும் மதிப்பில்லை.

போன வாரம் நன்றாகச் சொன்னதை இந்த வாரம் அப்படியே மறந்துவிடுகிறார்கள். என் கற்பித்தலில் குறையா?

ஓரளவு. மறதி இயல்பு; ஆனால் மீண்டும் மீண்டும் விளக்குவதாலோ படிக்கச் சொல்வதாலோ அது அதிகம் குறைவதில்லை. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த கல்லூரி மாணவர்கள், படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களைவிட ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வகுப்பின் முடிவில் ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவது ஏன் நம்பத்தகாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ஆகவே பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் புத்தகத்தை மூடி வைத்து, போன வாரத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று என மூன்று கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.

விடியற்காலை வரை திருத்துகிறேன். நான் எழுதிய குறிப்புகளை அவர்கள் படிப்பதே இல்லை.

மதிப்பெண்ணும் சேர்த்து எழுதுகிறீர்களா? ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்ததும் எழுத்து மறைந்துவிடுகிறது. எல்லா இடங்களிலும் மதிப்பெண்ணை விட்டுவிட முடியாது என்பதை அறிவேன். குறைந்தது சில பயிற்சிகளிலாவது குறிப்பை மட்டும் எழுதி, அந்தக் குறிப்புக்கு ஏற்ப ஒரு வரியைத் திருத்தி எழுத வகுப்பிலேயே நேரம் கொடுங்கள். எல்லா நோட்டையும் எல்லா வரியையும் திருத்துவது கடமை உணர்ச்சி போலத் தோன்றும். மறுநாள் காலை நீங்கள் தூக்கக் கலக்கத்தோடு வகுப்பில் நிற்பதற்கு அது ஈடாகாது.

குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. உண்மையில் அதனால் பயன் உண்டா?

எழுதும் விதத்தைப் பொறுத்தது. ‘இன்று வகுப்பு நன்றாக நடந்தது, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வகைக் குறிப்பேடுகளால் எந்தப் பயனும் இல்லை. அவை மேற்பார்வையாளருக்காக எழுதப்படுபவை. ‘இன்று படுதோல்வி, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை’ என்பதும் அதே வகைதான். இரண்டும் தீர்ப்புகள். தீர்ப்பு எழுதியதும் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஒரு பாடவேளையிலிருந்து ஒரே ஒரு கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வியந்த, தடுமாறிய, அல்லது எரிச்சலடைந்த கணமாக இருந்தால் நல்லது. யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை முடிந்தவரை அதே சொற்களில் எழுதுங்கள். அந்தக் கணத்தில் மாணவர் என்ன நினைத்திருக்கக்கூடும் என்பதற்கு ஒன்றல்ல, இரண்டு விளக்கங்களை எழுதுங்கள். இரண்டாவது விளக்கத்தைத் தேடும்போதுதான் சிந்தனை தொடங்குகிறது. ‘அவன் வேண்டுமென்றே நோட்டைத் திறக்கவில்லை’ என்பது முதல் விளக்கம். ‘போன கணக்கில் சிவப்பு மையால் நான் போட்ட பெருக்கல் குறி அந்தப் பக்கத்தில் இருக்கிறது’ என்பது இரண்டாவதாக இருக்கலாம். கடைசியாக, நாளை எதை மாற்றிப் பார்ப்பேன் என்று ஒரு வரி. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தொழில் வல்லுநர்கள் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் இரண்டு வகைச் சிந்தனையைப் பிரித்துக் காட்டினார்: செயல் நடந்துகொண்டிருக்கும்போதே சிந்தித்துத் திருத்துவது, செயல் முடிந்த பின் சிந்திப்பது. அனுபவமுள்ள ஆசிரியர் பாடத்தின் நடுவில் எடுத்துக்காட்டைச் சட்டென்று மாற்றுவது முதல் வகை. புதியவருக்கு அந்த வேகம் இல்லை. மாலையில் எழுதும் பத்து நிமிடம் அதற்கான ஒத்திகை. குறிப்பேட்டை மதிப்பெண்ணுக்காகக் கேட்கும் வழிகாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: அப்படிக் கேட்கும் நாளிலிருந்து உண்மை அதில் எழுதப்படாது.

மூத்த ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள். ‘நான் யார் யாரை அழைக்கிறேன் என்று மட்டும் இருக்கை வரைபடத்தில் குறித்துத் தாருங்கள்’ என்று கேட்டால், வந்தவர் நீதிபதி நிலையிலிருந்து உதவியாளர் நிலைக்கு இறங்கிவிடுகிறார். அந்த வரைபடம் பெரும்பாலும் ஆச்சரியம் தரும். அறையின் ஒரு மூலையில் ஒரு குறிகூட இருக்காது. நீங்களும் அவர் வகுப்பில் போய் உட்காருங்கள், அவர் பேசும்போது அவரைப் பார்க்காமல் மாணவர்களைப் பாருங்கள்.

ஒரு மாணவரை எனக்குப் பிடிக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

ஒப்புக்கொள்வது நல்லது, ஏனெனில் மறைத்த வெறுப்பு அழைக்காத பெயரிலும் காத்திருக்காத நொடியிலும் வெளிப்படும். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று ரோசந்தாலும் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு பெரும் விவாதத்துக்கு உள்ளானது. விளைவின் அளவு பற்றிய கேள்விகள் நியாயமானவை. ஆனால் நாம் யாரிடம் எளிய கேள்விகளை மட்டும் கேட்கிறோம், யாருடைய பதிலை முடிக்கவிடாமல் குறுக்கிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்க்க அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான் சொல்லும் வழி மிகச் சாதாரணமானது: இரண்டு வாரம், நாள்தோறும் இரண்டு நிமிடம், பாடத்தைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ அல்லாத ஏதோ ஒன்றைப் பற்றி அந்த மாணவரோடு பேசுங்கள். எல்லா முறையும் பலித்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆண்டின் நடுவில் வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

முதலாண்டு ஆசிரியர்களின் மனநிலையை ஆராய்ந்த எலன் மோயர் 1990-இல் அதை ஐந்து கட்டங்களாக விவரித்தார்: எதிர்பார்ப்பு, தாக்குப்பிடித்தல், மனம் தளர்தல், புத்துணர்ச்சி, திரும்பிப் பார்த்தல். மூன்றாவது கட்டத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது. அந்தக் கட்டத்தில் நிரந்தர முடிவு எடுக்காதீர்கள். நீண்ட விடுமுறை ஒன்று கழிந்து இரண்டு வாரம் வகுப்பு நடத்திய பிறகும் அதே எண்ணம் இருந்தால் அப்போது யோசியுங்கள். இந்த வேலை எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை, விட்டுச் சென்றவர்களைக் குறைவாகவும் நினைக்கவில்லை. உறக்கம் கெட்டு, உணவு இறங்காமல், பள்ளி வாசலை நினைத்தாலே படபடக்கிறது என்றால் அது குறிப்பேட்டில் தீராது, மருத்துவரைப் பாருங்கள்.

இந்த ஆண்டின் பாடக்குறிப்புகளை அடுத்த ஆண்டும் அப்படியே பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், அவற்றின் ஓரத்தில் நீங்கள் எதையாவது எழுதியிருந்தால். பாடம் முடிந்த அன்றே மூன்றை மட்டும் பென்சிலால் குறியுங்கள்: திட்டமிட்ட நேரமும் ஆன நேரமும், எந்த எடுத்துக்காட்டு விழலுக்கு இறைத்த நீரானது, எந்தத் தவறான விடை பலரிடமிருந்து வந்தது. ஓரம் வெறுமையாக இருக்கும் குறிப்பை எடுத்துக்கொண்டு போனால், போன ஆண்டு 40 நிமிடப் பாடவேளையில் 25-ஆவது நிமிடத்தில் எங்கே சிக்கினீர்களோ அதே இடத்தில் இந்த ஆண்டும் சிக்குவீர்கள்.